பெயர் சேர்த்தல்

பிறப்புச் சான்றிதழில் பெயர்க் கட்டம் மட்டும்
மூன்று மாதமாய்க் காலி.
பெண் என்றிருக்கிறது. தேதி இருக்கிறது.
இன்னாசி, எழில் மேரி,
ஞானஒளிவுபுரம் குறுக்குச் சந்து, எல்லாம் இருக்கிறது.

மண்டல அலுவலகத்தில் டோக்கன் நாற்பத்தொன்று.
மின்விசிறிக்கு நேர் கீழே நிற்கக் கிடைத்தது பாக்கியம்.
"பேர் சொல்லுங்க."
"நீவ்."
"என்னது?"
"நீவ்."
"இங்கிலீசு எழுத்து?"
என், ஐ, ஏ, எம்.
கடைசியில் எச் என்றதும்
விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.
"நியாம்... நியாயமா?
பொம்பளப் பிள்ளைக்கு நியாயம்னா பேரு வைக்கிறீங்க?"
வைத்தாலும் தப்பில்லை என்று தோன்றியது, ஒரு நொடி.

அயர்லாந்துப் பேர் என்றேன்.
எம்மும் எச்சும் சேர்ந்தால் அங்கே வ்.
"அப்ப வீ போட வேண்டியதுதானே?"
இதையேதான் நாத்தனார் கேட்டாள்,
அந்த ஊர்ப் பேர்தான் வேணும்னா ஷிவோன்னு வை,
சிவன்னு கூப்பிட்டுச் சமாளிச்சுக்கலாம் என்றாள்.
பங்குச் சாமியார் கேட்டது வேறு:
இது எந்தப் புனிதையின் பேர், திருநாள் எப்போது?

என்னவென்று சொல்ல.
லிமெரிக், மகப்பேறு மருத்துவமனை, மூன்றாம் மாடி,
இரவுப் பணி என்றா?
செம்பட்டை முடி, காலுறையில் ஓட்டை,
குளிர்பெட்டியில் அடுத்தவர் தயிரைத்
திருடித் தின்பவள் என்றா?
திருநாள் என்றால் பிப்ரவரி பதினொன்று.
முதல் பிள்ளை நாலாம் மாதத்தில்
வேண்டாம் என்று கிளம்பிப்போன இரவு.
இன்னாசி அப்போது மஸ்கட்டில்.
நான் சீருடையைக்கூடக் கழற்றவில்லை.
அவள் என் பின்னால் உட்கார்ந்து
இடுப்பெலும்பிலிருந்து மேலே, மேலிருந்து கீழே,
விடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை,
வாய் ஓயாதவள்.

என் பேரை ஆறு மாதம் எலில் என்றாள்.
பிறகு எரில். ஒரு வாரம் எயில்.
தேநீர் வேளைகளில் நாக்கை மடித்து மடித்து,
கண்ணாடி பார்த்து, எச்சில் தெறிக்க.
ஒரு நாள் பிரசவ அறை வாசலில்
ட்ராலியைத் தள்ளிக்கொண்டே
எழில் என்றாள்.
நின்றுவிட்டேன்.
என் சொந்தக்காரர்களில் பாதிப்பேருக்கு வராத ழ.

இதையெல்லாம் வரிசையில் நின்று சொல்ல முடியாது.
நாற்பத்திரண்டு முதுகில் இடித்துக்கொண்டிருக்கிறார்.
நல்லவேளை, அம்மையாரின் கைப்பேசி அடித்தது.
"ஆமாண்ணே, மருதையிலதான்.
மருதைக்கு வந்தா போன் போடுங்க."
வைக்கட்டும் என்று காத்திருந்தேன்.
அவர் தலைக்குப் பின்னால் சுவரில்
நீலத்தில், மதுரை மாநகராட்சி.
"மேடம், எழுதியிருக்கிறது மதுரை."
திரும்பிப் பார்த்தார்.
கொஞ்ச நேரம் பார்த்தார்.
சிரித்தாரா தெரியாது, முகக்கவசம்.
எம், எச் என்று விரல்கள் அடித்தன.
தமிழில் எப்படி என்றதற்கு
இரண்டே எழுத்து சொன்னேன்.
"இது சுளுவா இருக்கே."

ஆனால் வ்-இல் நிற்க
இந்த ஊர் நாக்குக்குப் பழக்கமில்லை.
கால் ஊன்ற ஓர் உகரம் வேண்டும் அதற்கு.
நீவு என்கிறாள் நாத்தனார்.
நீவு என்கிறார் பால்காரர்.
சாமியார் பின்னால் ஒரு மேரியைச் சேர்த்து
நீவு மேரி என்று தண்ணீர் ஊற்றினார்.
உன் பேரை இங்கே வினைச்சொல் ஆக்கிவிட்டார்கள் என்று
லிமெரிக்குக்குச் செய்தி அனுப்பினேன்.
என்ன பொருள் என்று கேட்டிருக்கிறாள்.
இன்னும் பதில் போடவில்லை.

நேற்று இரவு இரண்டு மணி. பிள்ளைக்கு வயிற்று உப்புசம்.
தோளில் போட்டு நடந்தும் அடங்கவில்லை.
இன்னாசி தூக்கத்தில் புரண்டு
நீவு, நீவு என்றார்.
அவளைக் கூப்பிட்டாரா, எனக்குச் சொன்னாரா,
கை அதற்குள் முதுகுக்குப் போயிருந்தது.