ஊதா ஏறாத குழி

காரங்காட்டுக் கரையில்
கவிழ்த்துப் போட்ட வத்தையின் அடியைச்
சுரண்டிக்கொண்டிருந்தார் சிங்கராயர்.
கண்டல் இலை பறிக்கப் போயிருந்தேன் நான்,
சாக்குப் பையும் தேதிச் சீட்டுமாக.
"முதல்ல சளி மாதிரி ஒண்ணு பிடிக்கும்.
அது பிடிச்சாத்தான் கொட்டலசு ஒட்டும்.
விட்டா வத்தை கனத்துப்போயி
டீசலைக் குடிக்கும்."
என் ஆய்வுத் திட்டத்தின் முதல் இரண்டு பக்கம் அது.
எனக்கு அதற்கு ஏழு மாதம் ஆனது.

நிழலில் பதினொரு நாள் உலர்த்தி,
பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து,
வடித்து, ஆவியாக்கினால்
ஒரு சாக்கு இலைக்கு ஒரு கரண்டி
தார்ப்பச்சைப் பிசின்.
தொண்டியில் மின்சாரம் போன இரவுகளில்
ஏலக்கூடத்துக்கு ஓடி ஐஸ் வாங்கியிருக்கிறேன்.
நெத்திலி வாடையோடுதான் பிழைத்தன
என் மாதிரிகள்.

தொண்ணூற்றாறு குழி உள்ள தட்டு.
குழிக்கு ஒரு துளி கிருமி, ஒரு துளி இலை.
மறுநாள் கழுவி ஊதாச் சாயம் விட்டால்
குடியேறியது ஊதாவாகும்.
குடியேறாதது கழுவிய நீரோடு போய்விட்டிருக்கும்.

கிருமி தனியாக இருக்கையில்
நீந்தும், தின்னும், இரண்டாகப் பிளக்கும்.
கூட்டம் சேரச் சேர
ஒன்றுக்கொன்று சேதி விடும்:
ஆள் போதுமா?
போதும்.
அப்புறம் பசை கட்டும், கூரை போடும்.
மருந்து வந்து
கதவைத் தட்டிவிட்டுத் திரும்பும்.

முதல் தடவை எல்லாக் குழியும் ஊதா.
இரண்டாம் தடவையும்.
ஐப்பசி மழை கழுவிய இலை அது.
பங்குனியில், சேறு வெடித்து,
இலை மேல் உப்பு பூத்துக் கிடக்கும்போது பறித்தது
வேறாக இருந்தது.
நாலாம் வரிசை, ஏழாம் குழி:
சாயமே விடாதது போல.
மூன்று முறை திரும்பச் செய்தேன், நம்பாமல்.
கழுவுமுன் எடுத்த சொட்டை வளர்த்துப் பார்த்தேன்.
கிருமி சாகவில்லை.
எண்ணிக்கைகூடக் குறையவில்லை.
ஒன்றின் சேதி
இன்னொன்றுக்குப் போய்ச் சேரவில்லை,
அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

சித்திரையில் வாசலில் நின்றார் சிங்கராயர்.
கையில் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிச் சீட்டு.
மனைவி பிரகாசிக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ்,
கழுத்தில் குழாய்,
விட்டு விட்டுக் குளிர்காய்ச்சல்.
"குழாய்க்குள்ள வழுவழுன்னு படிஞ்சிருக்காம்.
ஊசி போட்டா அடங்குது, நிறுத்துனா எழும்புது.
டாக்டரம்மா படம் வரைஞ்சு காமிச்சாக.
இது நம்ம வத்தையடிதானே தாயின்னேன்.
அந்தச் சாறு ஒரு குப்பி குடுங்க."

குப்பி என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.
மூடி மேல் தேதி, என் கையெழுத்து.
தட்டில் நடந்தது ரத்தத்திலும் நடக்கும் என்று
ஓர் எலிகூட இன்னும் சாட்சி சொல்லவில்லை.
அதற்குள் இருப்பவை
வரைபடத்தில் இருபத்தெட்டு முகடு,
பெயர் தெரிந்தவை ஒன்பது.
மிச்சத்தில் எது ஈரலைச் சுடும்?
இதையெல்லாம் சொன்னேன்.
முகடு என்ற சொல்லைக்கூட
அவரிடம் சொன்னேன்.
வெட்கமாக இருந்தது.

"குழாயை மாத்தச் சொல்லுங்க."
"அவுகளும் அதத்தான் சொன்னாக.
மாத்துனா அதுலயும் பிடிக்கும்ல?"
பிடிக்கும்.

போகும்போது கூடையில் இலைச்சக்கையைப் பார்த்தார்.
"இதாச்சும்?"
"உடம்புக்கு இல்ல."
"வத்தைக்கு."
காற்றாட விரித்து,
மெத்தனால் வாடை போன பிறகு கொடுத்தேன்.
ஒரு பலகைக்குப் பூசுங்கள்,
பக்கத்துப் பலகையை வெறுமனே விடுங்கள் என்றேன்.
"அது எதுக்கு?"
"இதுதான் வேலை செஞ்சுச்சான்னு தெரிய."
கொஞ்ச நேரம் யோசித்தார்.
"பிரகாசிக்குப் பக்கத்துல
இன்னொரு பிரகாசி வேணும்ங்கிறீக."

இருபது நாள் கழித்து ஒரு படம் அனுப்பினார்.
இரண்டு பலகை.
ஒன்றில் சளி கனமாக, ஒன்றில் லேசாக,
வெயில் கண்ணைக் கூசுகிறது.
எது பூசியது என்று
எழுத மறந்திருந்தார்.
கீழே:
புதன்கிழமை குழாய் மாத்தியாச்சு.
காய்ச்சல் இல்ல,
இதுவரைக்கும்.