நாலு விரற்கடை

மஞ்சக்குப்பம் மைதானத்தில் அன்று
மைக் கட்டியவன் நான்.
தலைவர் மேடையேறினார்.
மைக் அவர் நெற்றியைப் பார்த்துக்கொண்டு நின்றது.
சுவரொட்டியில் எவ்வளவு உயரம் அந்த ஆள்!
ஓடிப்போய்த் திருகைத் தளர்த்தி
நாலு விரற்கடை இறக்கினேன்.
"இரையுதே தம்பி" என்றார்.

நாடு பூராவும் கேட்ட குரல்
எனக்கென்று சொன்னது அது ஒன்றுதான்.
எர்த் சரியில்லை.
கம்பியை இன்னும் ஒரு சாண் அடித்திருக்க வேண்டும்.

பதினோராம் நாள்
வேறோர் ஊரில்
வேறொருவன் கட்டிய மைக் முன்னால்
சுட்டுவிட்டார்கள்.
அவன் எந்த உயரத்தில் வைத்திருந்தானோ.
குனிந்தாரா, எம்பினாரா,
அதைக் கேட்க இன்றுவரை ஆள் கிடைக்கவில்லை.

நான் அவருக்கு ஓட்டுப் போட்டவன் இல்லை.
கலியபெருமாளுக்குக்கூடத் தெரியாது இது.

வருஷா வருஷம் அந்தத் தேதியில்
அஞ்சலை சவுண்ட் சர்வீஸுக்கு நல்ல ஓட்டம்.
அவர் பேர் சொல்லும் கட்சி இப்போது இரண்டு.
இரண்டுக்கும் தனித்தனி மாலை, தனித்தனி ஆம்ப்ளிஃபயர்.
ஒருவர் குழாய் மற்றவர் பக்கம் திரும்பாமலிருக்க
இம்பீரியல் ரோட்டில் நாலு போலீஸ்.
கேட்டதெல்லாம் கொடுப்பேன்,
அந்த ஸ்டாண்டைத் தவிர.

அதன் உள்தண்டில்
பிளேடால் ஒரு கீறல் போட்டு வைத்திருக்கிறேன்.
தானே புயலில் கூரை போனது,
குழாய் ஒன்று கெடிலத்தில் மிதந்தது.
ஜன்னல் கம்பியோடு கட்டிவைத்த ஸ்டாண்ட் மட்டும்
அசையவில்லை.

இந்த வருஷம்
செம்மண்டலத்துக் காதுகுத்துக்கு
ஆள் பற்றாக்குறையில், அவசரத்தில்
கலியபெருமாள் அதைத் தூக்கிப் போய்விட்டான்.
கத்தவில்லை. என்ன சொல்லிக் கத்துவது?

ராத்திரி பதினொன்றுக்கு வந்தது.
அடித்தட்டில் சந்தனம், கழுத்தில் பலூன் நூல்.
ஏதோ ஒரு குழந்தை பேசியிருக்க வேண்டும்,
தண்டு அடிவரை இறங்கி
கீறல் குழாய்க்குள் போயிருந்தது.
"சவுண்ட் எப்படிடா?" என்றேன்.
"சுத்தமா இருந்துச்சுண்ணே,
நீங்க சொல்ற மாதிரி ஒரு சாண் கூட அடிச்சு
ஒரு குடம் தண்ணியும் ஊத்தினேன்."

முப்பது வருஷமாக எந்தப் பந்தலிலும்
அந்த ஒரு சாணை நான் விட்டதில்லை.
அவனும் விடுவதில்லை, காரணம் கேட்டதுமில்லை.

அவன் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கினேன்.
நூலை அறுத்தேன். சந்தனத்தைத் துடைக்கவில்லை.
தண்டைத் தூக்கி, கீறல் தெரிந்ததும் திருகினேன்.
பழைய மைக்கை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன்.

மைக்கில் எனக்குப் பேச வராது.
ஹலோ, டெஸ்டிங், ஒன் டூ த்ரீ,
அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியவனில்லை.

எர்த் ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டேன்.

இரைந்தது.
ஒரு பீடி தீரும் மட்டும்
இரையவிட்டேன்.