கழிக்கக் கூடாதவை

தெற்குச் சுவர், முப்பத்தெட்டு மீட்டர் நாற்பது.
நாடாவின் மறுமுனை உதுமான் கனி கையில்.
நடுவில் கச்சான் புகுந்து
அதை வில்லாக வளைக்கிறது.
இழுத்துப் பிடியுங்கள் என்கிறேன்.
மூன்றாம் தடவை அளந்தபோது
முப்பத்தெட்டு இருபது.

உச்சிப்புளிக்கு வடக்கே, உடைமரங்களைத் தாண்டி
கடலோரம் கிடக்கிறது இந்தப் பட்டாளக் கொட்டடி.
முகப்பில் சுண்ணாம்பால் எழுப்பிய ஆண்டு
192 வரை நிற்கிறது.
கடைசி எண்ணை உப்பு தின்றுவிட்டது.
ஒரு யுத்தம் முடிந்து
அடுத்தது இன்னும் பெயர் வாங்காத ஏதோ ஒரு வருஷம்.
அப்போது யாரோடு சண்டை என்று
கோப்பில் இல்லை.

கோப்பில் இருப்பது:
பார்க்கல் சுவர், சிப்பிச் சுண்ணாம்புச் சாந்து,
மங்களூர் ஓடு, பர்மாத் தேக்கு.
காரை உதிர்ந்த இடத்தில் விரலை வைத்தால்
கல்லுக்குள் இன்னும் திறந்திருக்கின்றன
பவளப் பூச்சியின் ஆயிரம் அறைகள்.
கொட்டடிக்குள் கொட்டடி.

இரும்பு உத்திரம்
நீரில் ஊறிய புளியங்கொட்டைபோல் துருவில் உப்பி
தன்னைத் தாங்கிய கல்லையே பிளந்திருக்கிறது.
பிளவு, பதினெட்டு மில்லிமீட்டர்.

சுவரோரம் தாரில் எழுதிய கட்டில் எண்கள்.
பதினேழுக்கு நேரே ஆணியால் கீறிய நாலு எழுத்து,
கொடியில் துணி உலர்த்தியதுபோல்
மேல்கோட்டில் தொங்குகின்றன.
எனக்குத் தெரியாத மொழி.
ஊர்ப்பெயராக இருக்கலாம்,
வசவாகவும் இருக்கலாம்.

வடக்கே, கடலைப் பார்த்து,
பதினோரு வளைவுகளோடு வராந்தா.
காற்று நுழைய, ஆள் நுழைய,
பகைவன் வந்தால் அவனும் நுழைய
அத்தனை அகலம்.
முத்துராக்கு அங்கே கடற்பாசி காயப் போட்டிருக்கிறாள்.
"இடிக்கப் போறீகளா?"
மதிப்பீடு மட்டும்தான் என்றேன்.
"இடிக்கிறதுக்கு முந்தி அதத்தான செய்வாக."

தெற்கே ஜன்னலே கிடையாது.
நெஞ்சுயரத்தில் ஒன்பது துளைகள்.
வெளியே நாலு விரல் அகலம்,
உள்ளே விரிந்து ஒரு முழம்.
துப்பாக்கி திரும்ப இடம் வேண்டுமே.

என்ன அளக்கிறேன் என்று பார்க்க வந்தவள்
குனிந்து ஒரு துளையில் கண் வைத்தாள்.
கையிலிருந்து பாசித் தண்ணீர் தரையில் சொட்டியது.
"இங்கிட்டு வாங்க சார்.
எங்க வீட்டு வாசல் தெரியுது."
அடுத்ததில் தெருக்குழாய்.
அதற்கடுத்ததில் ரயிலடிக்குப் போகும் ரஸ்தா.

கடலுக்கு வராந்தா.
ஊருக்குத் துளை.

வராந்தாத் தூணில் சாய்ந்து கணக்குப் போட்டேன்.
நீளம், தடிமன், உயரம் பெருக்கி
வளைவுகள் பதினொன்றையும் கழித்தேன்.
துளைகளுக்கு வந்ததும் உதுமான் கனி
விதியை நினைவூட்டினார்:
பத்தில் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்த திறப்பைக்
கழிக்கக் கூடாது சார்,
சுவராகவே கொள்ள வேண்டும்.

ஒன்பதையும்
சுவராகவே கொண்டேன்.
குறிப்பு என்ற கட்டத்தில்
'தெற்கு பார்த்தவை' என்று பென்சிலால் எழுதினேன்.
மேலதிகாரி கேட்டால் அழித்துக்கொள்ளலாம்.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது.
ரஸ்தா வரை நிழலில்லாத மணல்.
உதுமான் கனி வழக்கத்தைவிட வேகமாக நடந்தார்,
காரணம் கேட்கவில்லை நான்.
என் முதுகும்
எண்ணிக்கொண்டுதான் வந்தது.