ஒரு கை குட்டை

பர்குவா துறையில் பேருந்தைப் படகில் ஏற்றி
எஞ்சினை அணைத்ததும்
ஸ்டியரிங்குக்கு மேலே என் ஊசிகள் எழும்.
அக்கரை சகாவோ வர அரைமணி.
காற்று சாதுவாக இருந்தால் எட்டு வரிசை,
யாராவது பேச்சுக் கொடுத்தால் ஐந்து,
வானொலியில் கால்பந்து ஓடினால்
இரண்டு, அதுவும் பிழையாக.

நாற்பத்தொன்பது வயதில் தொடங்கினேன்.
சிகரெட்டை விட்ட விரல்களுக்கு
ஏதாவது வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.
முதலில் ஒரு மஃப்ளர்.
இருபது கண்ணியோடு புறப்பட்டு
முப்பத்தேழில் போய் நின்றது.
அந்தப் பதினேழும் எந்த நிறுத்தத்தில் ஏறின?
டிக்கெட் எடுக்காத பயணிகள்.
என் மனைவி ஓர்பெலினா அதைக் கொண்டுதான்
அடுப்பிலிருந்து பானை இறக்குகிறாள்.
சுடுவதே இல்லையாம்.

அப்புறம் ஆசை யாரை விட்டது?
அவளுக்கே ஒரு ஸ்வெட்டர்.
தால்காவே சந்தையில்
விறகுப்புகை மணக்கும் சாம்பல் நிறக் கம்பளி,
வைக்கோல் துணுக்கு இன்னும் ஒட்டியிருந்தது,
நான்கு கண்டு வாங்கினேன்.
ஐந்தாவது வேண்டியிருக்கும் என்று
எனக்கு யார் சொன்னார்கள்?
திரும்பப் போனால் நிறம் வேறு.
"அதே ஆடுதான் ஐயா,
நடுவில் மழையில் நனைந்துவிட்டது"
என்றாள் கடைக்காரி,
முகத்தில் ஒரு பொட்டுச் சிரிப்பில்லாமல்.

ஒருநாள் அலை தூக்கிப் போட்டதில்
மடியிலிருந்து குதித்த நூல்கண்டு
இருக்கைகளுக்கு அடியில் உருண்டது.
மூன்றாம் வரிசையில் ஒரு கூடைச் சிப்பி,
ஏழாவதில் தூங்கும் மாணவியின் காலணி,
பதினொன்றில் உயிருள்ள கோழி ஒன்று,
எல்லாரையும் ஒரு சுற்று விசாரித்துவிட்டுக்
கடைசி இருக்கையில் போய் ஓய்ந்தது.
பேருந்தே காலைத் தூக்கிக்கொண்டு
கைமாற்றிக் கைமாற்றி
நூலை எனக்கு அனுப்பிவைத்தது.
கோழிக்கு மட்டும் அதில் உடன்பாடில்லை.

பிரிப்பதையும் சொல்லவேண்டும்.
நழுவிய கண்ணி ஒன்று
பத்து வரிசைக்குக் கீழிருந்து
ஓட்டைப்பல் காட்டி இளிக்கும்.
சாண் ஏறி முழம் சறுக்குவதை
நான் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறேன்.
ஊசியை உருவி இழுத்தால்
சரசரவென்று ஒரு வாரம் கரைந்துபோகும்:
செவ்வாய் மழை, புதன் மூடுபனி,
மச்சினன் கடன் கேட்டு வந்த வியாழன்,
எல்லாம் சுருள் சுருளாக மடியில்.
இழவு, அதுவும் சுகமாகத்தான் இருக்கிறது.

இடக்கையைப் பின்னியது மார்ச்சில்.
நீரிணை எண்ணெய் பூசினாற்போல் கிடந்தது.
கண்ணிகள் கால்நீட்டிப் படுத்துக்கொண்டன.

வலக்கை ஜூலையில்.
ஓர்பெலினாவின் மார்புக் கட்டிக்குக்
கத்தி வைத்த வாரம்.
மருத்துவமனை அந்தக் கரையில்,
நானும் பேருந்தும் இந்தக் கரையில்.
காற்றுக்குப் பயந்து துறையை மூடிவிட்டார்கள்.
இரண்டு பகல், இரண்டு இரவு
கண்ணாடியில் மழை அறைந்துகொண்டிருக்கப்
பின்னினேன்.
ஒவ்வொரு கண்ணியையும்
யாரோ ஒருவரின் குரல்வளையைப் போல் இறுக்கினேன்.

அதே ஊசி. அதே எண்ணிக்கை.
வலக்கை நான்கு விரற்கடை குட்டை.

கட்டி வெறும் கட்டிதான் என்று தாள் வந்தது.
வீட்டுக்கு வந்தவள் போட்டுப் பார்த்தாள்.
நனையாத ஆட்டில் உடம்பு,
நனைந்த ஆட்டில் கழுத்துப்பட்டி.
"கழற்று, பிரித்துத் திரும்பப் பின்னுகிறேன்" என்றேன்.
வலது மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"கடிகாரம் கட்ட இடம் விட்டிருக்கிறாய்" என்றாள்.
இடக்கையில் கட்டிக்கொண்டிருந்தவள்
அன்றுமுதல் மாற்றிக் கட்டுகிறாள்.
மணி பார்க்கும்போதெல்லாம்
கொஞ்சம் தடுமாறுகிறாள்.

இப்போது டிக்கெட் கிழிக்கும் பாதிலியோவுக்கு
ஒரு தொப்பி.
தலையை அளந்தேன்,
அளவு குறித்த சீட்டைத் தொலைத்தேன்.
திரும்பக் கேட்க வெட்கம்.
அவர் குனியும்போதெல்லாம்
கண்ணாலேயே சுற்றளவு எடுக்கிறேன்,
அவரோ வழுக்கையைப் பார்க்கிறேன் என்று
முறைக்கிறார்.

சங்கு ஊதிவிட்டது.
தெற்கே நீர் கறுக்கிறது.
இன்றைக்கு எட்டெல்லாம் இல்லை, மூன்று,
அதையும் தளர்வாக.