விடைக்குறிப்பில் இல்லாதது

காலாண்டுத் தேர்வு. பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு.
நாற்பத்தொரு தாள்கள்
தையல் மிஷினின் மேல்.
ஐ.ஓ.சி. பக்கம் டேங்கர் லாரி திரும்பும்போதெல்லாம்
சிவப்புப் பேனா தானாக உருளும்.

முதல் உலகப்போருக்கான காரணங்கள் யாவை?
ஐந்து மதிப்பெண்.

கூட்டணிகள் என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள்.
கூட்டனி என்று இருபத்தாறு பேர்.
பால்கன் பிரச்சினையை தஸ்தகீர்
பால்கனிப் பிரச்சினை என்கிறான்.
சுழித்தேன்.
சுழித்த பிறகு சிரிப்பு வரவில்லை.

ரூபாவதி, கேட்காத கேள்விக்கு அரைப்பக்கம்:
"எம்டன் நம்ம துறைமுகத்தில் குண்டு போட்டது.
எண்ணெய் டேங்க் எரிந்தது. செப்டம்பர் 22, ராத்திரி.
ஜெர்மனிக்கும் ராயபுரத்துக்கும் என்ன சண்டை
என்று புத்தகத்தில் இல்லை.
எங்க அப்பாவை ஏரியாவில் எம்டன் என்பார்கள்.
அவர் கப்பல் இல்லை."
மதிப்பெண் கிடையாது.
ஓரத்தில் ஒரு டிக் மட்டும்,
கூட்டலில் சேராத டிக்.

கீழே ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்தச் சண்டைக்கு வயது பதினொரு நாள்.
இரண்டாம் மாடி செல்லக்கிளியின் பால்கனியில் தொங்கிய ஈரப் போர்வை
முதல் மாடி மரியபாக்கியம் காயவைத்த நெத்திலியில் சொட்டியது.
அவ்வளவுதான்.
ஆனால் செல்லக்கிளியின் மச்சினன் சி பிளாக்.
மரியபாக்கியத்தின் ஓரகத்தி டி பிளாக்.
சிக்கும் டிக்கும் மோட்டார் விஷயத்தில்
போன கோடையிலிருந்தே ஆகாது.
டி பிளாக்குக்கு ஒன்றென்றால் ஆட்டோ ஸ்டாண்டு வரும்.
ஆட்டோ ஸ்டாண்டு வந்தால் மீன் வண்டிக்காரர்கள் சும்மா இருப்பார்களா?
நெத்திலியை எல்லோரும் மறந்து ஒரு வாரம் ஆகிறது.

"இன்னா டீச்சர், நீ யார் சைடு?"
படியில் மறித்துக் கேட்டார்கள்.
யார் பக்கமும் இல்லை என்றேன்.
சொன்னதை நானும் நம்பினேன்.
ஆடியில் மரியபாக்கியத்துக்கு ஆறாயிரம் கொடுத்திருந்தேன்.
செல்லக்கிளிக்கும்தான் கொடுத்தேன்,
இருநூறு.

அமெரிக்கா போரில் நுழைந்ததேன்? இரண்டு மதிப்பெண்.
விடைக்குறிப்பு சுருக்கம்: நீர்மூழ்கிகள். லூசிட்டானியா. 1917.

தேசப்பன், காசிமேட்டுப் பையன்,
கோட்டை விட்டு மேலே ஏறும் கையெழுத்து:

"அமெரிக்கா நடுநிலை நாடு.
இரண்டரை வருஷத்துக்கு மேல் கரையில் நின்று வலை விற்றது.
யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றது.
ஆனால் கடலில் ஒரு பக்கத்துக்குத்தான் வழி இருந்தது.
கடனும் கொடுத்தது.
வாங்கினவன் தோற்றுவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?
அப்புறம் அதன் கப்பலையே முக்கினார்கள். கோபம் வந்தது.
கோபம் பொய் இல்லை. கணக்கு நோட்டும் பொய் இல்லை.
இந்தியா ஏன் நுழைந்தது என்று யாரும் கேட்பதில்லை.
இந்தியாவையும் யாரும் கேட்கவில்லை."

பேனாவை மூடினேன். திறந்தேன்.
நீர்மூழ்கி என்ற சொல் எங்கேயும் இல்லை.
ஒன்றரை போட்டேன்.

தண்ணீர் லாரியின் ஹாரன்.
அதன் பின்னாலேயே, வரிசையில் வைத்த பிளாஸ்டிக் குடம் ஒன்று
உதைபட்டுப் படியில் உருளும் சத்தம்.
எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.
அடிப்பக்கம் தார் ஒட்டி அடைத்த குடம்
உருளும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தட்டும்.
என்னுடையது.

செருப்பில்லாமல் இறங்கினேன்.
முதல் எட்டுப் படி குடத்துக்காகத்தான்.
ஒன்பதாவதில் ஆறாயிரம் ஞாபகம் வந்தது.
திருப்பத்தில் இரண்டு பக்கமும் வாயை மூடி
என்னைப் பார்த்தது.
மரியபாக்கியம் மெல்ல நகர்ந்து
தன் பக்கத்தில் எனக்கு இடம் விட்டாள்.

கையில் மூடாத சிவப்புப் பேனா.
மேலே மின்விசிறிக்குக் கீழே
தாள்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுகின்றன.
தேசப்பனுக்கு
அரை மதிப்பெண் பாக்கி.