விருந்தினர் கவனத்துக்கு

மாசி பதினேழு, பின்னேரம் நாலு மணி.
கோண்டாவில் மண்டபம். மைக் என் கையில்.
காலமை அம்மி மிதித்து அருந்ததியும் பார்த்தாயிற்று.
இனி அவர்களுடைய முறை.

"வெளிநாட்டு விருந்தினர் கவனத்துக்கு" என்று
தாளின் முதல் வரியை வாசித்துவிட்டு
நிமிர்ந்தேன்.
முன்வரிசையில் கொரியாவிலிருந்து வந்த பதினொரு பேர்.
அவர்களுக்கு எல்லாம் தெரியும்.
பின்னால் முந்நூறு கதிரையில்
இணுவில், தாவடி, உரும்பிராய்.
வெளிநாட்டார் நாங்கள்தான்.

யுன்சொல் இரவிரவாக இருந்து எழுதிய தாள்.
தமிழில், தன் கையால்.
'ழ' வருகிற இடமெல்லாம்
ஒரு சின்ன வாத்து நீந்துகிறது.

மாப்பிள்ளை ஒரு மரவாத்தைக் கொண்டுபோய்
பெண்ணின் தாயிடம் கொடுப்பார்.
அவ அதைப் பாவாடையில் ஏந்துவா.
வாத்து ஒருமுறைதான் சோடி சேரும், அதற்காக.
(தம்பு மாமா, உரக்க:
"அப்ப சீதனம் எங்கட பக்கத்தாலயோ போகுது?")

மேசையில் ஒரு சேவலும் ஒரு பேடும் இருக்கும்.
சிவப்புத் துணி, நீலத் துணி சுற்றி, உயிரோடு.
சைவ மண்டபத்துக்குள் கோழி ஏறாது என்று
மனேச்சர் மூன்று நாள் மறித்தவர்.
சமைக்க இல்லை ஐயா, சாட்சிக்கு என்று
கஜீபன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபிறகுதான்
மல்லாகத்திலிருந்து இரவல் வந்தது.

பெண்ணின் நெற்றியில் சிவப்பாக ஒரு வட்டம்.
இதை நான் விளக்க வேண்டியதில்லை.
கன்னத்திலும் ஒவ்வொன்று.
அதை எப்படி விளக்குவது? விட்டுவிட்டேன்.

அவள் இரண்டுதரம் வணங்க அவன் ஒருதரம் வணங்குவான்.
பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு.
"அங்கயுமோ?"

ஒரே சுரைக்காயைப் பிளந்த இரண்டு பாதி.
ஒன்றில் அவன் குடிப்பான், ஒன்றில் அவள்.
சோற்றுமதுவுக்குப் பதிலாகக் கருப்பணி,
சுண்ணாம்பு போட்டது, புளிக்காதது.
இரண்டு பாதியையும் பொருத்தினால்
வேறெந்தச் சுரைக்காயோடும் பொருந்தாத விளிம்பு.

கடைசியில் பெரியவர்கள் இலந்தைப்பழம் எறிவார்கள்.
விரித்த துணியில் விழுவது எத்தனை, பிள்ளை அத்தனை.
கூட எறிய வேண்டிய கஷ்கொட்டையைக்
கட்டுநாயக்காவில் பறித்துவிட்டார்கள்.
சாவகச்சேரிப் பலாக்கொட்டை மன்னிக்கும்.

கைதட்டலாம். கதைக்கலாம். படம் எடுக்கலாம்.
சாப்பிட்டதும் போகலாம், ஒருவரும் குறைநினைக்கார்.
இந்த இடத்தில்தான் சனம் உண்மையாகக் கைதட்டினது.

ஒரு குறிப்பை நான் வாசிக்கவில்லை.
அதுதான் தாளில் முதலாவது:
தொடங்குமுன் இரண்டு தாய்மாரும் கைகோத்து வந்து
மெழுகுதிரி ஏற்றுவார்கள்.
பெண்ணின் தாய் சிவப்பு. மாப்பிள்ளையின் தாய் நீலம்.

காலமை மணவறையில்
பெரியப்பாவும் பெரியம்மாவும் நின்றார்கள்.
அப்பா போய் ஒன்பது வருஷம்.
அம்மா சமையல்கட்டு வாசல் தூணோடு,
சாம்பல் நிறச் சேலையில்,
பால்ரொட்டி எண்ணுகிற மாதிரி.

மியொங்ஒக் அம்மா மேசையருகே நின்றா.
தீப்பெட்டியைப் பார்த்தா. என்னைப் பார்த்தா.
நான் தாளைப் பார்த்தேன்.
அவ பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
கதிரைகளுக்கு நடுவால் நடந்தா,
இணுவிலைத் தாண்டி, தாவடியைத் தாண்டி,
தூண் வரைக்கும்.
ஒரு வார்த்தையும் பொதுவாய் இல்லாத இரண்டு பேர்.
கையைப் பிடித்தா, அவ்வளவுதான்.

சின்னம்மா அரைவாசி எழும்பி இருந்துவிட்டா.
ஐயர் தன் போனில் எதையோ தேடினார்.
முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதும்.
மூன்றாவதில் நீலம் பற்றினபோது
சேவல் ஒன்று கூவினது, நேரங்கெட்ட நேரத்தில்.

இரவு, பாத்திரங்கள் ஏற்றி முடிந்தபிறகு,
அம்மா பெருவிரலில் ஒட்டின மெழுகை
நகத்தால் உரித்துக்கொண்டு கேட்டா:
"மல்லாகத்தாற்ற கோழியைக் குடுத்தாச்சோ?"
குடுத்தாச்சு என்றேன்.
உரித்ததை எறியாமல்
சேலைத்தலைப்பில் முடிந்தா.