ஒரு சாண் தள்ளி

குசினி யன்னலின் மரக்கம்பி இரண்டை
புண்ணில் அயறு உரிக்கிற கவனத்தோடு
கழற்றிச் சுவரில் சாத்தி வைத்திருந்தான்.
மூன்று பேரும் ஃபேன் இரைச்சலுக்குள் கிடந்தோம்.

தண்ணி மோட்டர் போனது.
முந்தாநாள் மாற்றிய காஸ் சிலிண்டர் போனது.
மகளின் டெப் போனது, சார்ஜர் இருக்கிறது.
அலுமாரியை உதறியவனுக்கு அகப்பட்டவை
வங்கி அடகுத் துண்டுகள்.
அவற்றை மட்டும் மடித்து
சாறிக்கு மேலே வைத்திருந்தான்.

மறுகாதான் கண்டேன்,
முன்கதவு ஆணியில் பை இல்லை.

களுவாஞ்சிக்குடிப் பொலிசில் கேட்டார்கள்
என்ன நிறம், என்ன பெறுமதி.
நீலம்.
காணி உறுதி, பிறப்புப் பத்திரம் மூன்று,
அண்ணனின் மரணப் பத்திரம்,
பனடோல் ஓர் அட்டை, ரோச் லைற் ஒன்று.
கடல் திரும்ப வந்தால்
தூக்கிக்கொண்டு ஓட
இருபது வருசமாய் அங்கே தொங்கியது ஐயா,
பெறுமதி என்ன எழுதுவீர்களோ எழுதுங்கள்.
எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில்
நாலு வரி எழுதினார்.
ஆரில் சந்தேகம் என்றார்.
ஒருத்தரிலும் இல்லை என்றேன்.
அதைச் சொல்லும்போதே
எங்கள் வீதியின் முகம் முழுக்க
ஒவ்வொன்றாய் வந்து போனது.
கையெழுத்து வைத்தேன்.

'நாம ஓட வச்சிருந்தத
அவன் கொண்டு ஓடிற்றான்'
தவசீலன் சொன்னார், பஸ்சுக்குள்.
ஆரும் சிரிக்கவில்லை.

நாலாம் நாள்
வாவிக் கரையில் கண்டல் வேரில் சிக்கியிருந்ததாய்
இறால் பிடிக்கிற பேரின்பம் கொண்டுவந்து தந்தார்.
உறுதி ஊறியிருந்தது, வாசிக்கலாம்.
ரோச் இருந்தது.
பற்றரி இல்லை.

நாய் வளருங்க என்றது ஒரு வீடு.
கமரா பூட்டுங்க என்றது இன்னொன்று.
மதிலில் போத்தல் ஓடு பதித்த வீட்டுக்காரர்
தன் உள்ளங்கைத் தழும்பைக் காட்டினார்,
பதிக்கும்போது கிழித்ததாம்.

மருதமுனையிலிருந்து றமீஸ் வந்தார்,
காதில் பென்சில், இடுப்பில் அளவுநாடா.
எல்லா யன்னலுக்கும் கிறில் அடிச்சிருவம் தங்கச்சி,
எலியும் உள்ள வராது.
எலி வர ஏலாட்டி
நாங்க எப்பிடி வெளிய போற என்றேன்.

அண்ணன் வீட்டில்
நாலு யன்னலுக்கும் கிறில் இருந்தது.
தண்ணி கதவை
வெளியில் நின்று அமத்திப் பிடித்தது.
இவ்வளவுதான் சொன்னேன்.
அளவுநாடா மெல்லச் சுருண்டு உள்ளே போனது.
மருதமுனைக்கும் அதே கடல்தான்.
குசினிக் கிறில
கதவு மாதிரிச் செய்வம் என்றார்,
பிணைச்சல் வச்சு, உள்ளால ஆமைப்பூட்டுப் போட்டு.
கூலி கூடாது, இரும்புக் காசு மட்டும் கூடும்.

இனித் திறப்பு எங்கே தொங்குவது?
இருட்டில், இடுப்பளவு தண்ணியில்
மகளின் கைக்கு எட்ட வேணும்.
வெளியில் நிற்கிறவன் கைக்கு எட்டக் கூடாது.

அன்றிரவு வெளியே போய்
அவன் நின்ற இடத்தில் நின்றேன்.
கீரைப் பாத்தியில் அவன் மிதித்த தடம்
என் செருப்புக்குச் சரியாய் இருந்தது.
பெயின்ற் மணக்கிற கம்பியில் கன்னத்தை அழுத்தி
தோள்மூட்டு வரைக்கும் கையை விட்டேன்.
உப்புப் போத்தல்,
நெருப்புப் பெட்டி,
காய்கிற துணியின் ஓரம்.
எவ்வளவு இலகுவாய்க் கைக்கு வருகிறது
என் வீடு.
விரல் முடிகிற இடத்தில்
சோக்கால் கோடு இழுத்தேன்.

தண்ணி குடிக்க எழும்பின மகள்
கண்டது
சுவரைத் தடவுகிற ஒரு கையை.
கத்தவில்லை அவள்.
அகப்பைக் காம்பால் ஓங்கிப் போட்டாள்.

நடுவிரல் இன்னும் மடங்குதில்லை.
கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி
ஆணி அடித்தோம்,
அவளுடைய சாண்.
முன்கதவில் பை மறுபடி தொங்குகிறது.
பற்றரிதான் இன்னும் வாங்கவில்லை.